அடுத்த மாடல் வரும்வரை

ஜனவரி 9

அக்காவுக்கு,

என் எண்ணை நீ போனில் முடக்கி வைத்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் உன் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அத்தானைக் கூப்பிட்டேன். "மச்சான், உங்க ரெண்டு பேர் நடுவுல நான் வரமாட்டேன், ஆளை விடு" என்று வைத்துவிட்டார். நாற்பது வயதில் ஒரு மனுஷன் கூடப் பிறந்தவளுக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. என் வாசகர்களுக்குத் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அம்மா வீட்டில் நான் சொன்னது தப்புதான். சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்திருக்கும்போது "அக்கா என்ன, புண்ணு படம் எடுக்கிறவதானே" என்று சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நீ மட்டும் சும்மாவா இருந்தாய்? "இல்லாத கேமராவுக்குக் கண்ணு காது மூக்கு வெச்சு எழுதறவன் நீ, என் புண்ணைப் பத்திப் பேசறியா?" என்றாய். எல்லாரும் சிரித்தது உன் பேச்சுக்குத்தான். சித்தப்பாவுக்குப் புரையேறியே விட்டது. நியாயமாகப் பார்த்தால் முறுக்கிக்கொள்ள வேண்டியவன் நான்.

சரி, விடு. ஒரு நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். வரப்போகும் கேமராக்களைப் பற்றி நான் எழுதும் இணையதளத்தில் போன மாதம் வந்த கட்டுரையை நீ படித்திருக்க மாட்டாய். பெரிய கேமரா கம்பெனி இந்த ஜூலையில் புது வரிசை கேமராக்களைக் கொண்டுவரப் போகிறது, லென்ஸைப் பொருத்தும் வாயையே மாற்றப் போகிறது, இப்போது சந்தையில் இருக்கும் லென்ஸ் ஒன்றுகூட அதில் சேராது என்று முதன்முதலில் எழுதியவன் உன் தம்பி. நாற்பத்தோராயிரம் பேர் படித்தார்கள். மூன்று நாள் வேறு பேச்சே இல்லை.

அதைப் படித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? உங்கள் ஆஸ்பத்திரியின் கொள்முதல் அதிகாரி. "ஒரு பழைய கேமராவை மாற்ற உத்தரவு தயாராக இருக்கிறது. இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா?" என்று எனக்கே எழுதிக் கேட்டார். அது உன் கேமராதான் என்று உடனே புரிந்துவிட்டது. "ஜூலை வரை பொறுங்கள், இப்போது வாங்கினால் ஏமாந்து போவீர்கள்" என்று பதில் போட்டேன். நான் யாரென்று காட்டிக்கொள்ளவில்லை. வாங்குவதுதான் வாங்குகிறார்கள், உனக்குப் புத்தம் புதுசாக வரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

இதற்காவது என் எண்ணைத் திறந்துவிடு.

தம்பி

ஜனவரி 17

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, யோசிக்காமல் செய்துவிட்டாய் என்று தோன்றியது. இரண்டாம் முறைதான் நீ அதைப் பெருமையாகச் சொல்கிறாய் என்பது உறைத்தது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. பதினாலு வருஷத்தில் நீ கேட்டதும் இல்லை. கேள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை. ஜன்னல் கிடையாது. சுவர் சாம்பல் நிறம். இரண்டு விளக்குகள், அவற்றின் கால்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டியிருக்கிறது. வெட்டுக்காயம், தீக்காயம், படுக்கைப் புண், தோல் ஒட்டிய இடம் எல்லாம் என் முன்னால் வரும். ஒவ்வொன்றையும் அதே தூரத்தில், அதே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோலும் நிற அட்டையும் வைத்து வாரம் ஒரு முறை எடுப்பேன். போன வாரத்துச் சிவப்புக்கும் இந்த வாரத்துச் சிவப்புக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். நான் எடுப்பதை யாரும் சட்டம் போட்டு மாட்டமாட்டார்கள். மாட்ட வேண்டாம்.

அந்தக் கேமராவுக்குப் பதினோரு வயது. மூன்றில் ஒரு தடவை ஷட்டர் சிக்குகிறது. மூன்று வருஷமாக எழுதி எழுதி, போன மாதம்தான் கோப்பு கையெழுத்துக்குப் போனது. கையெழுத்துப் போட வேண்டிய மேஜையில் அது திரும்பிப் படுத்துவிட்டது. ஏன் என்று கேட்கப் போனேன். கொள்முதல் அதிகாரி கோப்பைத் திறந்து காட்டினார். நான் எழுதிய மூன்று பக்கக் குறிப்புக்கு மேலே உன் கட்டுரை அச்செடுத்துச் செருகியிருந்தது. பச்சை மையில் அடிக்கோடு வேறு.

"மேடம், விவரம் தெரிஞ்சவங்க எழுதியிருக்காங்க. படிச்சுப் பாருங்க" என்றார்.

"எழுதினவன் என் தம்பி சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! அப்ப உங்களுக்கே எல்லாம் முன்னாடியே தெரியுமே. ஏன் மேடம் சொல்லல?"

கோப்பை மூடி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

உன் கூட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியும். எங்கள் மருந்துக்கடைக்காரர் உன் வாசகர்தான். கழுத்தில் கேமரா தொங்கும், மூடி கழற்றி நான் பார்த்ததில்லை. வராத கேமராவின் எடை அதிகமா குறைவா என்று இன்னொருவரோடு அரை மணி நேரம் சண்டை போட்டார். கையில் இருப்பதைத் தூக்கத் தெரியாதவர்கள் வரப்போவதன் எடையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அவர்களுக்கு நீ குருக்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். லென்ஸ் வாய் மாறப்போகிறது என்று உனக்குச் சொன்னது யார்? ஒரே ஒரு ஆளைச் சொல். அதை வைத்து நான் கோப்பை நகர்த்த முடியுமா பார்க்கிறேன்.

எண்ணைத் திறக்க மாட்டேன். எழுத்தில் இருந்தால்தான் நீ சொன்னதை நீயே மறுக்க முடியாது.

அக்கா

ஜனவரி 26

அக்காவுக்கு,

யார் சொன்னார்கள் என்று கேட்கக் கூடாது. இந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம். சொன்னவரைக் காட்டிக்கொடுத்தால் அடுத்த தடவை எவனும் வாய் திறக்க மாட்டான்.

எங்கள் வேலை உனக்கு விளையாட்டாகத் தெரிகிறது. கம்பெனி ஒரு புது பேட்டரியைப் பதிவு செய்தால், அதன் எண்ணைத் தேடி எடுத்து, எத்தனை வாட் என்று பார்த்து, அது எந்தக் கேமராவின் உடலுக்குள் உட்காரும் என்று ஊகிக்க வேண்டும். ஏதோ ஒரு விளையாட்டு மைதானத்தில் எவனோ பெயர் தெரியாதபடி கறுப்பு டேப் சுற்றிய கேமராவைப் பிடித்திருப்பான். தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படம் ஒன்று கிடைக்கும். அதில் பொத்தான்களை எண்ண வேண்டும். நான் பதினேழு எண்ணினேன். எனக்குப் போட்டியாக ஒருத்தன் தளம் நடத்துகிறான், அவன் பதினாறு எண்ணினான். அது பொத்தானே இல்லை, தூசி என்றான். தூசியாம்! நான்கு நாள் சண்டை.

என் வாசகர்களைப் பற்றி நீ சொன்னதில் பாதி உண்மை. உனக்கு மட்டும் சொல்கிறேன், அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார என்னாலும் முடியாது. ஒருத்தர் என் கட்டுரையைப் படித்துவிட்டு வைத்திருந்த ஏழு லென்ஸையும் விற்றுவிட்டார். இப்போது ஜூலைக்காக வெறும் கையோடு காத்திருக்கிறார். நடுவில் அவருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். எதில் படம் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "ஜூலைல எடுத்துக்கலாம் சார், குழந்தை எங்க ஓடிடப்போகுது" என்கிறார். நானா விற்கச் சொன்னேன்? அறிவு கெட்டவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களுக்காக நான் எழுதாமல் இருக்க முடியுமா?

உன் கேமராவும் பதினோரு வருஷம் ஓடியிருக்கிறது. இன்னும் ஆறு மாதம் ஓடாதா? நீ எப்போதுமே இப்படித்தான். உன் வேலை ஒன்றுதான் வேலை, மற்றவர்கள் செய்வதெல்லாம் வெட்டிப் பொழுது. அப்பா இருந்தபோதும் இதே கதைதான். நான் விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, "காலி அறையைப் படம் எடுக்கிறான்" என்றாய். அதையும் நான் மறக்கவில்லை.

தம்பி

பிப்ரவரி 20

தம்பிக்கு,

கேமரா போன செவ்வாய்க்கிழமை நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் பிரித்துப் பார்த்து, ஷட்டர் தகடு இரண்டாக மடங்கிவிட்டது, அந்த உதிரிப் பாகம் இப்போது வருவதில்லை என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

கொள்முதல் அதிகாரியிடம் போனேன். "ஜூலைக்கு இன்னும் நாலு மாசம்தானே மேடம். அதுவரைக்கும் போன்லயே எடுங்களேன். என் பொண்ணு போன்ல எப்படி எடுக்கறா தெரியுமா!" என்று மகள் எடுத்த பூச்செடியைக் காட்டினார்.

என்னிடம் இப்போது வாராவாரம் வருகிறவர்கள் பத்தொன்பது பேர். ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் சலவைக்கூடத்தில் வேலை. நீராவியில் ஓடும் பெரிய இஸ்திரி உருளையில் வலது கை உள்ளே போய்விட்டது. முப்பத்தொரு வயது. தோல் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய பெரிய டாக்டர் வேறு ஊரில் இருக்கிறார். மாதம் ஒரு முறைதான் வருவார். நடுவில் என் படத்தைப் பார்த்துத்தான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்.

அவளை இந்த வாரம் போனில் எடுத்தேன்.

நீ எதுவும் செய்ய வேண்டியதில்லை. கேமரா ஓடாதா என்று கேட்டிருந்தாய், அதற்குப் பதில்.

அக்கா

மார்ச் 1

அக்காவுக்கு,

கேமரா போனது வருத்தம்தான். ஆனால் நீ பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. இப்போது வரும் போன்கள் சாதாரணமாக இல்லை. வெளிச்சம் குறைந்தால் தானே கூட்டிக்கொள்ளும். தோல் நிறத்தைத் தானே கண்டுபிடித்துச் சரி செய்துகொள்ளும். நாலைந்து படத்தை ஒன்றாகச் சேர்த்து நல்லதை மட்டும் எடுத்துக் கொடுக்கும். நீ வெறுமனே அழுத்தினால் போதும். பழைய பழக்கத்தை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நேற்று இன்னொரு செய்தி கசிந்திருக்கிறது. புது மாடலில் ஷட்டர் தகடே இருக்காதாம். அப்படி வந்தால் உன் பிரச்சினையே தீர்ந்தது. மடங்குவதற்குத் தகடு இருந்தால்தானே! இதை வைத்து ஒரு கட்டுரை போட்டிருக்கிறேன், தலைப்பு பிரமாதமாக வந்திருக்கிறது.

அந்த அம்மாவின் கை சீக்கிரம் ஆறட்டும்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

சலவைக்கூடத்துக்காரியின் ஆள்காட்டி விரலை நடுக் கணுவோடு எடுத்துவிட்டார்கள்.

நீ எழுதியது அத்தனையும் சரி. போன் தோல் நிறத்தைக் கண்டுபிடித்தது. தானே சரி செய்தது. விரல் ஓரத்தில் கறுத்துக்கொண்டு வந்த ஒரு விளிம்பைச் சுருக்கம் என்று நினைத்ததோ அழுக்கு என்று நினைத்ததோ, பூசி மெழுகி இளஞ்சிவப்பாக ஆக்கிக் கொடுத்தது. வெளியூர் டாக்டர் பார்த்துவிட்டு நன்றாக ஆறுகிறது, மருந்தை மாற்ற வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் போன் அதையே செய்தது. மூன்றாம் வாரம் அவர் நேரில் வந்து கட்டைப் பிரித்தார். வாசனையே சொல்லிவிட்டது.

அவர் என்னிடம் கத்தவில்லை. படத்தையும் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது இதே கையா?" என்று கேட்டார்.

நீ பொத்தான்களை எண்ணிக்கொண்டிரு. பதினாறா பதினேழா என்று முடிவு தெரிந்ததும் எனக்கும் சொல். இங்கே ஒருத்தியின் விரல்களை எண்ணினால் ஒன்பதரை வருகிறது.

ஜனவரியில் ஒரு கேள்வி கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. தொழில் தர்மம் என்று ஏதோ உளறினாய். மறுபடி கேட்கிறேன். கேமரா மாறப்போகிறது என்று உனக்குச் சொன்னது யார்?

மார்ச் 29

அக்கா,

யாரும் சொல்லவில்லை.

மூன்று நாள் இந்த வரியோடு உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் எழுத வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

டிசம்பரில் யாரோ ஒரு வாசகர் ஒரு படம் அனுப்பினார். சாம்பல் நிறத்தில் ஏதோ வட்டம். குழாயின் வாயாகக்கூட இருக்கலாம். அன்றைக்குப் போட்டித் தளத்துக்காரன் புது லென்ஸ் பற்றி எழுதி எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு எழுத ஒன்றும் இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். வட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறதே, வாயை மாற்றுகிறார்களோ என்று ஒரு வரி போட்டேன். அடுத்த வரியில் "மாற்றுகிறார்களோ" என்பது "மாற்றுகிறார்கள்" என்று ஆகிவிட்டது. ஜூலை என்று ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏதாவது ஒரு மாதம் வேண்டியிருந்தது. "நம்பகமான வட்டாரம்" என்பது நான் உட்காரும் நாற்காலிதான்.

உன் கடிதம் வந்த மறுநாளே தளத்தில் உண்மையை எழுதினேன். "நான் எழுதியது என் கற்பனை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. இதை நம்பி எதையாவது வாங்காமலோ விற்றோ இருந்தால் மன்னியுங்கள்." இவ்வளவுதான். பூசி மெழுகவில்லை.

என்ன நடந்தது தெரியுமா? ஒருத்தனும் நம்பவில்லை. கம்பெனி என்னை மிரட்டிவிட்டது என்கிறார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, அதனால்தான் பயந்துபோய்ப் பின்வாங்குகிறான் என்கிறார்கள். "தைரியமா இருங்க சார், நாங்க இருக்கோம்" என்று நூற்றுக்கணக்கில் எழுதுகிறார்கள். கம்பெனி இவ்வளவு பதறினால் விஷயம் உண்மையாகத்தான் இருக்க வேண்டுமாம். பொத்தானைத் தூசி என்று சொன்னவனே, "இப்போது உறுதியாகிவிட்டது" என்று கட்டுரை போட்டுவிட்டான். நான் புளுகியபோது நாற்பத்தோராயிரம் பேர் படித்தார்கள். புளுகு என்று ஒப்புக்கொண்டதை ஒரு லட்சம் பேர் படித்து, அதே புளுகை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை அறிவு கெட்டவர்கள் என்று நான் உனக்கு எழுதினேன். அவர்களுக்கு ஏழு வருஷமாகச் சோறு ஊட்டியவன் நான்தான் என்பதை எழுதவில்லை.

நேரிலேயே சொல்லிவிடலாம் என்று புதன்கிழமை பஸ் ஏறி உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ அன்றைக்கு விடுப்பு என்று வாசலில் சொன்னார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். கொள்முதல் அதிகாரியைப் பார்த்தேன். எழுந்து நின்று கை கொடுத்தார்.

"சார், அந்தக் கட்டுரை பொய். நானே எழுதின பொய். கேமராவை இப்பவே வாங்கிடுங்க" என்றேன்.

கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புரியுது சார். உங்க நிலைமை எனக்குப் புரியுது. குடும்பம் இருக்கு, பாத்து நடந்துக்கணும்." சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். அக்கா, சத்தியமாகக் கண்ணடித்தார்.

என் கேமராவைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். இதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று மேஜையில் வைத்தேன். "பழைய வாய்தானே சார் இது? ஜூலைக்கு அப்புறம் இதை என்ன பண்றது?" என்று என் பக்கமே தள்ளிவிட்டார். என் வார்த்தையையே என் முகத்தில் எறிந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கீழே வந்து உன் அறைக்கு வெளியே நின்றேன். பூட்டியிருந்தது. பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கட்டு. இடது கையால் பையின் கொக்கியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறக்கவா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நீ சொன்ன பெண்தானா என்றும் தெரியாது. கேமராவை நர்ஸிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. கேமராவைத் திருப்பி அனுப்பாதே.

தம்பி

ஏப்ரல் 30

தம்பிக்கு,

நர்ஸ் உன் பையைக் கொடுத்தாள். திறந்து பார்த்தேன். கேமரா, மூன்று லென்ஸ், துடைக்கும் துணிகூட மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளே இருந்த மெமரி அட்டையில் உள்ள படங்களையும் பார்த்தேன். நானூற்றுச் சொச்சம். ஒரு செங்கல் சுவர். அதே செங்கல் சுவர், இன்னொரு லென்ஸில். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சோதனை அட்டை. உன் புத்தக அலமாரி, மூலை கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க. மறுபடி செங்கல். ஒரு மனுஷ முகம் இல்லை. உன் பெண்டாட்டி இல்லை, அம்மா இல்லை. ஓர் ஓரத்தில் உன் பூனையின் வால் தெரிந்தது, அதுவும் தெரியாமல் நுழைந்திருக்கும். காலி அறையைப் படம் எடுத்த காலத்திலாவது நீ வீட்டை விட்டு வெளியே போனாய்.

திட்டுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. இரண்டு நாளாக மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே வந்தது. பிறகு நிறுத்திவிட்டேன். ஏனென்றால் உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. நீ "யாரும் சொல்லவில்லை" என்று எழுதிய பிறகு அதை நான் ஒளித்து வைப்பது கேவலம்.

முதல் வாரம் போன் படத்தை அனுப்பியவுடன் வெளியூர் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "நிறம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கே மேடம். படம் சரியானதுதானே?" என்று கேட்டார். சரியாகத்தான் கேட்டார். அது போனில் எடுத்தது, நிறத்தை நம்ப வேண்டாம் என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? போன் தோலைப் பூசுகிறது என்று எனக்குத் தெரியும். பதினாலு வருஷம் இதே வேலை. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆனால் படம் எடுக்கும் அறையில் கேமரா இல்லை என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த ஆஸ்பத்திரியிலேயே சரியான நிறம் தருகிறவள் நான்தான் என்று அவர் நாலு பேர் முன்னால் சொன்னவர். "சரியானதுதான் டாக்டர்" என்றேன்.

அந்த வார்த்தையைச் சொன்னவள் நான். கொள்முதல் அதிகாரி இல்லை, நீ இல்லை. பிப்ரவரியிலிருந்து உன்னை நான் ஏசிய ஏச்சில் பாதி எனக்குச் சேர வேண்டியது. மீதிப் பாதி உனக்கே, அதில் சந்தேகம் வேண்டாம்.

உன் கடிதம் வந்த மறுநாள் டாக்டருக்கும் கண்காணிப்பாளருக்கும் எழுதிக் கொடுத்தேன். விசாரணை வைத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு வருஷத்துக்கு என் படங்களை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டாக்டருக்குப் போகும். என்னைவிட எட்டு வயது சின்னவள் ஒருத்தி போடுகிறாள். போடட்டும்.

விசாரணையில் உன் கட்டுரையும் மேஜைக்கு வந்தது. கண்காணிப்பாளர் ஒரு பக்கம் படித்துவிட்டு, "இதுல ஒரு ஆள் பேரு, ஒரு தேதி, ஒரு கடிதம் ஏதாவது இருக்கா?" என்று கொள்முதல் அதிகாரியைக் கேட்டார். அவர் பச்சை அடிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் புதுக் கேமரா வந்துவிட்டது. நான் மூன்று வருஷமாகக் கேட்ட அதே மாடல். வந்த பிறகும் அந்த மனிதர் படியில் என்னை நிறுத்தி, "ஜூலைல பாருங்க மேடம், அப்ப நீங்களே வருத்தப்படுவீங்க" என்றார். இவரையெல்லாம் என்ன செய்வது!

உன்னுடையது எனக்குத் தேவையில்லை. இந்தப் பார்சலில் வருகிறது. அட்டையில் இருந்த செங்கல்களை அழிக்கவில்லை.

சலவைக்கூடத்துக்காரியிடமும் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. வேண்டாம், வழக்குப் போடுவாள் என்றுகூட ஒருத்தர் எச்சரித்தார். அவளை உட்கார வைத்து, டாக்டர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "நீங்க நல்லவங்கன்னு நெனச்சேன்" என்றாள். அடுத்த வாரம் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். முகம் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். எடுத்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான்.

நேற்று எடுத்து முடித்ததும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என் கை படமெல்லாம் இருக்குல்ல, காட்டுங்க" என்றாள்.

வரிசையாகத் திரையில் போட்டுக் காட்டினேன். முதல் நாள், தோல் ஒட்டிய நாள், ஒவ்வொரு வாரமும். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். போனில் எடுத்த படம் வந்ததும் வேகமாகத் தாண்டப் பார்த்தேன்.

"இருங்க. பின்னாடி போங்க."

போனேன். திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். அந்தப் படத்தில் ஐந்து விரலும் இருக்கின்றன. தோல் வழவழவென்று இருக்கிறது. காயம் ஆறிக்கொண்டிருக்கும் ஓர் அழகான கை.

"இது ஒண்ணு எனக்குப் போட்டுத் தரீங்களா?"

"இது சரியான படம் இல்லம்மா. இதனாலதான்..."

"தெரியும். சொன்னீங்களே. மத்ததெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு இது போதும்."

வேறு எதைக் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன். அச்செடுத்தேன். பின்பக்கம் தேதி போட்டு, "இதில் உள்ள நிறம் உண்மையல்ல" என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். இடது கையால் வாங்கி, திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படம் கசங்கிவிடாமல் பைக்குள் இரண்டு துணிக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனாள்.

அக்கா